அச்சாம்மாவின் ஆண்டுப் படம்

அச்சாம்மா இறந்த முதலாண்டு நினைவுக்காக வெட்டி வைத்த படத்தைத் திறந்தால் உள்ளே யாருக்கோ கல்யாண நிச்சயமான மனசம்மதம் நடந்துகொண்டிருந்தது. ஸ்டுடியோவில் படம் வெட்டும் பின்ஸி வேறு கோப்பைத் திறந்துவிட்டதாக நினைத்து மூடினாள், மறுபடி திறந்தாள். பெயர் அச்சாம்மாவின் பெயர்தான். திரையில் முன்பின் தெரியாத ஒரு பெண் பாதிரியார் கேட்டதற்கெல்லாம் வெட்கத்தோடு தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

"சோஜன் சேட்டா, இதை யாரு தொட்டது?"

ஸ்டுடியோ முதலாளி சோஜன் தேநீரை ஊதிக்கொண்டே எட்டிப் பார்த்தான். "நான்தான். மெழுகுவர்த்தி எரிஞ்சு நம்ம தேவாலயம் தெரியுற மாதிரி ஒரு தொடக்கம் வெச்சிருந்தியே, நல்லா இருந்துச்சு. அதையே திறந்து இந்தப் பார்ட்டியைப் போட்டுட்டேன்."

"வேற பேர்ல சேவ் பண்ணீங்களா?"

சோஜன் தாடியைச் சொறிந்தான். பாலா ஊரில் அவன் தாடியைச் சொறிந்தால் இல்லை என்று அர்த்தம்.

அந்த ஸ்டுடியோவின் வழக்கமே அதுதான். அடி மாவை மிச்சம் வைத்து அடுத்த நாள் அப்பத்துக்குப் புளிக்க விடுகிற மாதிரி, பழைய வேலையைத் திறந்து, உள்ளே இருப்பதை வழித்துவிட்டுப் புதியதை ஊற்றுவார்கள். எழுத்தும் பூவும் இசையும் ஆயத்தமாக இருக்கும். வேறு பெயரில் சேமிக்க மட்டும் மறக்கக் கூடாது. இத்தனை வருஷம் மறக்காதவன் இந்த ஒரு படத்துக்கா மறக்க வேண்டும் என்று பின்ஸிக்கு வயிறு எரிந்தது.

கணினி தானாகவே எடுத்து வைக்கும் பிரதிகளைத் தேடினாள். அங்கேயும் மனசம்மதம்தான். மழைக்காலத்தில் மின்சாரம் போய்ப் போய் வந்ததால், அடிக்கடி பிரதி எடுக்கும்படி அவளேதான் மாற்றி வைத்திருந்தாள். குறிப்பிட்ட அளவுக்கு மேல் பிரதி சேர்ந்தால் பழையது கழிந்துவிடும். சோஜன் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்த்ததில் புதியவை வந்து குவிந்து, அச்சாம்மாவின் கடைசிப் பிரதியையும் வெளியே தள்ளிவிட்டன. காவலுக்கு வைத்த நாயே கோழியைத் தின்ற கதை.

"காட்சியெல்லாம் பத்திரமாத்தானே கெடக்கு?" என்றான் சோஜன். "வெட்டினதுதானே போச்சு. திரும்ப வெட்டு. இனிமே எல்லாத்தையும் தனித்தனிப் பேர்ல சேமிப்போம்."

"கண்ணு கெட்ட பெறகு சூரிய நமஸ்காரம்."

வெட்டினதுதான் போயிற்று. ஆனால் அவள் எதை வெட்டினாள் என்பது அவனுக்குத் தெரியாது.

அந்தக் காட்சிகளை எடுத்தவர் அச்சாம்மாவின் கணவர் ஔதக்குட்டி. மகன் துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்த சின்ன கேமராவால் வருஷக்கணக்கில் மனைவியை எடுத்துத் தள்ளியிருந்தார். பலா அரியும்போது, பெருநாளுக்குக் கிளம்பும்போது, ரப்பர் ஷீட் காயப் போடும்போது. எடுத்ததோடு சரி, ஒன்றையும் போட்டுப் பார்த்ததில்லை. ஒவ்வொன்றிலும் கேமராவுக்குப் பின்னாலிருந்து அவர் குரல்தான் முதலில் வரும். அது காது கொடுத்துக் கேட்கிற மாதிரி இருக்காது. அதனால் அவர் வருவதற்கு முன்பே அச்சாம்மா சிரிக்கும் இடங்களை மட்டும் பின்ஸி நறுக்கி எடுத்து, ஒலியை நீக்கி, அடியில் இசை ஓட விட்டிருந்தாள். காற்று இரைச்சல் அதிகம் என்று அவரிடம் ஒரு பொய்யும் சொல்லியிருந்தாள்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தை மாதிரி ஒவ்வொரு சிரிப்பாகத் தேர்ந்து கொடுத்தார். "பார்த்தியா மோளே, எப்பவும் வாயைப் பொத்திக்கிட்டுத்தான் சிரிப்பா. அதுவே அவளுக்கு ஒரு அழகு" என்று சொல்லிச் சொல்லிக் கண்ணைத் துடைத்தார்.

அவர் காதில் விழுவதற்குள் எல்லாவற்றையும் மறுபடி நறுக்கிவிட வேண்டும். பின்ஸி அவசரமாக உட்கார்ந்தாள்.

"பதறாதே. எந்தச் சிரிப்புன்னு அவருக்குத்தானே தெரியும்? போன் பண்ணி வரச் சொல்லிட்டேன்" என்றான் சோஜன், பெரிய உபகாரம் செய்தவன் போல.

சொல்லி வாய் மூடுவதற்குள் ஔதக்குட்டி குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். "அழிஞ்சு போச்சாமே. பரவாயில்லை, இன்னொரு தடவை அவளைப் பார்த்ததா இருக்கட்டும்" என்று பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்தார். பின்ஸி ஒலியைக் குறைக்கக் கை நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பிடித்தார்.

"இரைச்சல் இருந்தா இருக்கட்டும் மோளே. அவ குரலைக் கேட்டு ஒரு வருஷமாகப் போகுது."

"வேண்டாம் அச்சாயா."

"வைம்மா."

வைத்தாள். அச்சாம்மா பலாச்சுளையோடு நிமிர்ந்தாள். அறை முழுக்க ஔதக்குட்டியின் குரல் அதிர்ந்தது. "எடீ, நேரா நில்லுடி. மாடு மாதிரி முழிக்காதே. எத்தனை தரம் சொல்றது, வாயை மூடிக்கிட்டுச் சிரி. அந்தப் பல்லைப் பார்த்தாலே படம் நாறுது." அச்சாம்மா தலையைக் குனிந்தாள். பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அடுத்ததில் பட்டுச் சேலையோடு நின்றாள். "பல்லு, பல்லு" என்றது குரல். கை வாய்க்குப் போனது. அதற்கடுத்ததில் குரல் வருவதற்கு முன்பே கை போயிருந்தது.

சோஜன் எழுந்து வெளியே போய்விட்டான். ஔதக்குட்டி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீ இதை முன்னாடியே கேட்டிருக்கே."

"ஆமா அச்சாயா."

"அதான் காத்துன்னு சொன்னே. அந்தப் பழசு அழியாம இருந்திருந்தா, நான் ஒண்ணும் தெரியாமலே செத்துப் போயிருப்பேன். சத்தத்தை எடுத்துடு. ஆண்டுக்குப் பிள்ளைங்க வருதுங்க."

இந்தத் தடவை அவர் எதையும் தேர்ந்து கொடுக்கவில்லை. பின்ஸியே நினைவில் இருந்ததை வைத்து அடுக்கினாள். ஒவ்வொரு நாளும் தேதி போட்டுப் புதுப் பெயரில் சேமித்தாள், குரலோடு இருந்த மூலக் காட்சிகளையும் சேர்த்து வேறு ஹார்ட் டிஸ்க்கிலும் வீட்டிலும் நகல் வைத்தாள். சோஜன் கூட அதைப் பார்த்துக் கிண்டல் செய்யவில்லை.

ஆண்டுத் திருப்பலி முடிந்து தேவாலய ஹாலில் படம் ஓடியது. இசையோடு அச்சாம்மா சிரித்துக்கொண்டே இருந்தாள். மகள் அப்பாவின் தோளில் சாய்ந்து, "அம்மாவுக்கு அந்தக் கூச்சம் கடைசி வரைக்கும் போகவே இல்ல பாருங்கப்பா. கையை எடுக்கவே மாட்டா" என்று சிரித்து அழுதாள். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான், எவ்வளவு ஆசையாக எடுத்து வைத்திருக்கிறார் என்று ஒரு பெண் சொன்னது பின்ஸிக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும்.

எல்லோரும் அப்பத்துக்கும் இறைச்சிக்கும் பந்தியில் உட்கார்ந்த பிறகு, அவர் பின்ஸி கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்தார்.

"மோளே, அன்னைக்குப் பழசு போச்சே, அது மாதிரி அந்தச் சத்தத்தோட முழுசா இருக்கிறதும் ஒருநாள் தானா போயிடுமா?"

"போகாது அச்சாயா. மூணு இடத்துல வெச்சிருக்கேன்." ஸ்டுடியோவுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிப் பழகிய பதில், யோசிப்பதற்குள் வாயில் வந்துவிட்டது.

"மூணு இடத்துலயா" என்றார் அவர். வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றார்.