வங்கி வாசலில் மலையாண்டி

இப்போதெல்லாம் மனிதன் நேரில் வந்து ஒன்றைச் சொன்னால் எவனும் காதில் வாங்குவதில்லை. அதையே படமாக்கி, பின்னால் நீலமும் மஞ்சளும் அடித்து, நாலு கம்பு நட்டுக் கட்டிவிட்டால் நின்று படிக்கிறான், நம்புகிறான். காதுகுத்துக்கு ஒரு பிளக்ஸ், கருமாதிக்கு ஒரு பிளக்ஸ், நடக்கவே தெரியாத பிள்ளைக்குக் கூலிங் கிளாஸ் மாட்டி ஒரு பிளக்ஸ். செத்தவன் முகத்தைப் பார்க்க வராதவன்கூட பிளக்ஸின் கீழ்வரிசையில் கைகூப்பி நிற்கிறான். மலையாண்டிக்கு இதெல்லாம் பிடிக்காது. பிடிக்காது என்று டீக்கடையில் பல வருடம் சத்தமாகவே சொல்லி வந்தார். ஒன்றரை வருடமாகச் சொல்வதில்லை. காரைக்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் இருந்த தனியார் வங்கியின் வாசலில், பத்தடி உயரத்தில், அவரே பிளக்ஸாக நின்றுகொண்டிருந்தார்.

படத்தில் அவருக்குக் கருப்பு மீசை. சாயம் அடித்தது. பக்கத்தில் மனைவி புஷ்பவள்ளி, அரக்குப் பட்டு கட்டி, தட்டில் லட்டுடன் சிரிக்கிறாள். மேலே பெரிய எழுத்தில், 'உழைத்தது போதும். இனி மாதாமாதம் நிம்மதி.'

உள்ளே மலையாண்டி, டோக்கன் எண் நாற்பத்தேழைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். இருபத்தாறு ஓடிக்கொண்டிருந்தது. மேலுதட்டைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். நாற்பது வருட மீசையை எடுத்துப் பத்து நாள்தான் ஆகிறது. ஏன் எடுத்தீர்கள் என்று புஷ்பவள்ளி கேட்டதற்கு, வெயிலுக்கு அரிக்கிறது என்று சொல்லியிருந்தார். அவள் அதற்குமேல் கேட்கவில்லை.

நூல் மில்லில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். எவனையும் நம்பாதவர் என்று மில்லில் அவருக்குப் பெயர். தங்கக்காசு தருகிறேன் என்று ஒரு பைனான்ஸ் கம்பெனி வந்தபோது ஷிப்டில் பாதிப் பேர் கட்டினார்கள், இவர் கட்டவில்லை. தேக்குமரத் திட்டம் வந்தபோதும் கட்டவில்லை. இரண்டும் பூட்டிக்கொண்டு போனபின், "மலையாண்டி மூக்குக்கு எல்லாம் முன்னாலயே தெரிஞ்சிரும்" என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு அவருக்குப் பிடித்திருந்தது.

ஓய்வு பெற்றபோது பிஎஃப்பும் கிராஜுவிட்டியுமாக வந்த ஒன்பது லட்சத்தை அரசு வங்கியில் டெபாசிட் போட்டிருந்தார். வட்டி வருடத்துக்கு வருடம் இறங்கி, மாதச் சாப்பாட்டுக்கே இழுத்துப் பிடிக்க வேண்டியதாகிவிட்டது. மில் பென்சன் ஆயிரத்து எழுநூறு. அது இருவருக்கும் மாத்திரைக்குச் சரி. அந்தச் சமயத்தில்தான் இந்த வங்கியிலிருந்து சத்தியப்பிரியா வீட்டுக்கு வந்தாள். நாலு முறை வந்து நாலு முறையும் திட்டு வாங்கிக்கொண்டு போனாள். ஐந்தாம் முறை மதிய வெயிலில் வந்து, "அம்மா, பசிக்குது, ஒரு வாய் சோறு போடுவீகளா" என்று புஷ்பவள்ளியிடம் கேட்டுச் சாப்பிட்டாள். சாப்பிட்ட தட்டை அவளே கழுவி வைத்தாள். மலையாண்டி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுவாரம் ஒன்பது லட்சமும் டெபாசிட்டிலிருந்து அவள் சொன்ன மியூச்சுவல் பண்டுக்குப் போனது.

முதல் இரண்டு வருடம் மாதம் பிறந்தால் ஏழாயிரம் வந்தது. அவர் அதை வட்டி என்றே சொன்னார். அவள் திருத்தவில்லை. கூட வேலை பார்த்த பூமிநாதன், "நீயே போட்டுட்டியா? அப்பக் கண்ண மூடிக்கிட்டுப் போடலாம்டா" என்று தன் பணத்தையும் கொண்டுவந்து போட்டார். இன்னும் மூன்று பேர் போட்டார்கள். வங்கியில் இவரைக் கூப்பிட்டுச் சால்வை போட்டு, ஹாட்பாக்ஸ் கொடுத்து, படம் எடுத்தார்கள்.

பிறகு ஐயாயிரம் வந்தது. பிறகு இரண்டாயிரத்துச் சொச்சம். இரண்டு மாதமாக ஒன்றும் வரவில்லை.

போன வாரம் சாக்கோட்டை டவுன் பஸ்ஸில் பூமிநாதனைப் பார்த்தார். செக்யூரிட்டி உடுப்பில் இருந்தார் பூமிநாதன். அறுபத்தாறு வயதுக்கு உடுப்பு தொளதொளவென்று தொங்கியது. ஒரு வார்த்தை கோபமாகப் பேசியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "வாடா மலை, உக்காரு" என்று நகர்ந்து இடம் கொடுத்தார். மலையாண்டி இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தார்.

நாற்பத்தேழு வந்தது.

"என்னங்கய்யா, டோக்கன் போட்டு வந்திருக்கீங்க? நேரா வரவேண்டியதுதானே." சத்தியப்பிரியா கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுத்தாள். "மீசை எங்க?"

"பணத்துக்கு வரலை. படத்துக்கு வந்தேன். வாசல்ல நிக்குதே, அத எடுத்துருங்க."

"ஏங்கய்யா, நல்லாத்தானே இருக்கு. அம்மா எவ்வளவு அழகா இருக்காங்க."

"எடுத்துருங்க."

"அது சென்னை ஹெட் ஆபீஸ்ல இருந்து வந்ததுங்கய்யா. நாங்க தொட முடியாது. மெயில் போட்டு அப்ரூவல் வாங்கணும்."

"என் மூஞ்சிக்கு மெட்ராஸ்ல எவன் அப்ரூவல் குடுக்கிறது?"

அடுத்த நாற்காலியில் இருந்தவர் சிரித்தார். சத்தியப்பிரியா சிரிக்கவில்லை. "நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்கய்யா. மூணு வருசத்துக்கு."

சால்வை போட்ட அன்றைக்கு நாலைந்து தாளில் கையெழுத்து வாங்கினார்கள். ஹாட்பாக்ஸ் மடியில் இருந்ததால் அதன் மூடிமேல் வைத்துத்தான் போட்டார்.

"மூஞ்சிய மட்டும் வெட்டி எடுத்துக்கிறேன். மிச்சத்த நீங்களே வச்சுக்கங்க."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு மாசமா வரலைன்னு கோவம். அதானே? மார்க்கெட் எறங்கியிருக்குங்கய்யா. உங்களுக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும். எங்கயோ சண்டை, எவனோ வரி போட்டான், இங்க எறங்குது. ஏறும்போது மறுபடி குடுப்பாங்க."

"இப்ப எடுத்தா எவ்வளவு வரும்?"

அவள் தட்டிப் பார்த்தாள். "ஆறே முக்கால். ஆனா இப்ப எடுக்காதீங்கய்யா. எடுத்தாத்தான் நஷ்டம். எடுக்காத வரைக்கும் அது வெறும் பேப்பர்லதான் நஷ்டம்."

இரண்டு மாதமாகப் புஷ்பவள்ளி காலை ஐந்தரை பஸ்ஸுக்குக் கோட்டையூர் போகிறாள். அங்கே ஒரு பலகாரக் கம்பெனியில் கைமுறுக்குச் சுற்றுகிறாள். மடக்கி உட்கார முடியாத காலுக்கு அடியில் பழைய போர்வையைச் சுருட்டி வைத்துக்கொள்கிறாள். அக்கம்பக்கத்தில், தங்கை வீட்டுக்குத் துணைக்குப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அப்படிச் சொல்லச் சொன்னது அவர்தான்.

"எங்கப்பா பணத்தையும் இதுலதாங்கய்யா போட்டிருக்கேன்" என்றாள் சத்தியப்பிரியா, மேசையைப் பார்த்துக்கொண்டு.

அவர் எழுந்தார்.

"அண்ணே."

பின்னாலிருந்து கூப்பிட்டது அக்கம்மாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆக்கிப்போட்டவள். இந்த ஏப்ரலோடு ஓய்வு. புருஷன் இல்லை. மஞ்சள் பைக்குள் பாஸ்புக்கும், பூர்த்தி செய்த விண்ணப்பமும் வைத்திருந்தாள்.

"மீசைய எடுத்துட்டா அடையாளம் தெரியாதுன்னு நெனச்சீகளா? கடன்பட்டவன் மாதிரி பம்மிப் பம்மிப் போறீக." சிரித்தாள். "நானும் போட வந்துட்டேன். அடுப்படியில வெந்த காசு, சீட்டுக் காசு எல்லாஞ் சேத்து ஒண்ணே முக்கா லட்சம். மகன் போஸ்டாபீஸ்ல போடச் சொன்னான். நான் சொன்னேன், மலையாண்டி அண்ணன் எவனையும் நம்பாத ஆளு, அவுகளே வாசல்ல நின்னு சிரிக்கிறாக, அதவிட என்னடா வேணும்னு." பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "மாசாமாசம் வருதுல்லண்ணே?"

"வருது" என்றார் மலையாண்டி.

அந்தச் சொல் எப்படி வெளியே வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. அக்கம்மாள் தலையை ஆட்டிக்கொண்டு போய், அவர் எழுந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். சத்தியப்பிரியா பேனா மூடியைத் திறந்து கொடுத்தாள். எங்கெங்கே கையெழுத்து என்று பென்சிலால் சின்னச் சின்னப் பெருக்கல் குறி போட்டிருந்தது.

அவர் கதவுவரை போனார். கண்ணாடிக் கதவில், தெருப்பக்கம் நின்ற பிளக்ஸின் முதுகு தெரிந்தது. வெள்ளைத் துணி, அதில் எழுத்துகள் இடவலம் மாறி நிழலாடின. கைப்பிடியைப் பிடித்தவர் விட்டுவிட்டுத் திரும்பி நடந்தார்.

"வரலை" என்றார்.

அக்கம்மாள் நிமிர்ந்தாள். "என்னண்ணே?"

"வருதுன்னு பொய் சொன்னேன். ரெண்டு மாசமா ஒத்தப் பைசா வரலை. அதுக்கு முன்ன வந்ததும் பாதிதான். போட்டதுல ரெண்டேகால் லட்சத்தக் காணோம். பேப்பர்லதான் நஷ்டம்ங்குது இந்தப் பொண்ணு. எம்பொண்டாட்டி நெசமாவே கோட்டையூர்ல போயி முறுக்குச் சுத்திக்கிட்டிருக்கா."

கவுன்டரில் பணம் எண்ணும் எந்திரம் ஓடி நின்றது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடி அறைக்குள்ளிருந்த மேனேஜர் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். மலையாண்டிக்கு மழித்த மேலுதட்டில் வேர்த்தது. துண்டு தோளில் இருந்தும் அவர் துடைக்கவில்லை.

"ஐயா, அப்படிச் சொல்லாதீங்க" என்றாள் சத்தியப்பிரியா. போனில் ஒரு கோட்டுப் படத்தை எடுத்து அக்கம்மாள் பக்கம் திருப்பினாள். "இங்க பாருங்கம்மா, பத்து வருசம். நடுவுல எறங்கும், பெறகு ஏறும். எத்தன தடவை எறங்குச்சோ அத்தன தடவையும் ஏறியிருக்கு. பொறுமையா இருந்தாப் போதும்."

"எனக்கு அறுவத்தேழு" என்றார் மலையாண்டி. "எம்புட்டு நாளைக்குப் பொறுக்க?"

அவள் போனை அணைத்தாள்.

அக்கம்மாள் பேனாவை மேசைமேல் வைத்தாள். விண்ணப்பத்தை இரண்டாக மடித்து, பிறகு நாலாக மடித்து, பைக்குள் போட்டாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. நன்றி என்றும் சொல்லவில்லை. அவரைப் பார்த்துக் கேட்டாள்.

"நான் நேத்தே வந்திருந்தா? நேத்து ஒங்களப் பாத்திருக்க மாட்டேன். படத்தத்தான் பாத்திருப்பேன். போட்டுட்டுப் போயிருப்பேன்." குரல் உயரவில்லை. "வரலைன்னு தெரிஞ்சு ரெண்டு மாசமாச்சுங்கிறீக. ஊரு பூரா போற வார எடத்துல சிரிச்சுக்கிட்டு நிக்கிறீகளேண்ணே."

மலையாண்டி தலையைக் குனிந்துகொண்டு கதவைத் தள்ளினார்.

"ஏறும்யா, கண்டிப்பா ஏறும்" என்று சத்தியப்பிரியா பின்னாலிருந்து சொன்னாள். அவளும் எழுந்து நின்றிருந்தாள். அவர் திரும்பவில்லை.

வெளியே காற்று தூக்கி அடித்தது. பிளக்ஸின் ஒரு மூலை கட்டு அறுந்து படபடத்துக்கொண்டிருந்தது. வங்கிக் காவலாளி பிளாஸ்டிக் ஸ்டூலின்மேல் ஏறி, பல்லில் கம்பியைக் கடித்துக்கொண்டு அதைப் பிடிக்கப் பார்த்தார். எழுபது இருக்கும் அவருக்கு. முட்டி நடுங்கியது, ஸ்டூலும் கூடச் சேர்ந்து நடுங்கியது.

"பெரியவரே, அந்த முனைய ஒரு கை புடிங்க. விழுந்துச்சுன்னா சம்பளத்துல புடிச்சிருவாக."

மலையாண்டி நின்றார். ஸ்டூலின் கால் ஒன்று தரையில் பாவாமல் ஆடியது. அவர் அதைத் தன் காலால் அண்டைகொடுத்து அழுத்திக்கொண்டு, பறந்த மூலையை எட்டிப் பிடித்து இழுத்தார். மடிந்து கிடந்த முகம் நிமிர்ந்தது. கருப்பு மீசை. காவலாளி படத்தையோ அவரையோ பார்க்காமல், ஓட்டையில் கம்பியை விட்டு மூன்று சுற்றுச் சுற்றி முறுக்கினார்.

"இனி எந்தக் காத்துக்கும் போகாது" என்று சொல்லி இறங்கினார்.

மலையாண்டி கையில் ஒட்டிய தூசியை வேட்டியில் துடைத்தார். புஷ்பவள்ளி வந்து இறங்கும் கோட்டையூர் பஸ் நிற்கும் இடத்துக்குப் போக அங்குட்டுச் சுற்றுவழி ஒன்று இருந்தது, டீக்கடைகள் இல்லாத வழி. ஏறுமாம், என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு அந்த வழியில் நடந்தார்.