ஈ காக்கை இல்லாத நாள்

தீம் பார்க்குக்குப் போக எந்த மாதம் நல்லது என்று அந்த வீட்டில் பேச்செடுத்தால் போதும், தையல்காரி ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்துவிடுவாள். ஊசிக்கு அப்போது ஒரு வேலையும் இருக்காது. ஆனால் ஊசிக் காதைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னால் யாரும் நம் முகத்தைப் பார்த்துவிட முடியாது அல்லவா, அந்தச் சௌகரியத்துக்காகத்தான்.

பள்ளி விடுமுறையில் போகலாம் என்பான் புருஷன். அவன் லிஃப்ட் மெக்கானிக். விடுமுறையில்தானே சீருடை சீசன், கடை முழுக்க நீலமும் வெள்ளையுமாகத் துணி குவிந்து கிடக்குமே, தலைக்கு மேல் வேலை என்பாள் இவள். அதில் பொய் இல்லை. மழைக் காலத்தில் போகலாமா என்றால், மழையில் ராட்டினத்தை நிறுத்திவிடுவார்கள், பிள்ளை தும்மிக்கொண்டு திரும்பி வருவாள் என்பாள். அதிலும் பொய் இல்லை. வெயில் ஏறும் மாதத்தில் பரீட்சை. ஆண்டுக் கடைசியில் ஊரே அங்கேதான் இருக்கும். இப்படி எல்லா மாதத்துக்கும் ஒரு சாக்கு வைத்திருந்தாள். ஒவ்வொன்றும் அளவெடுத்துத் தைத்த மாதிரி கச்சிதமாகப் பொருந்தியது.

உண்மைக் காரணம் ஒன்றுதான். கூட்டம். மகள் தத்தித் தத்தி ஓடப் பழகிய வயதில், ஒரு பொருட்காட்சியில், கூட்டத்துக்கு நடுவே அவள் கை அம்மாவின் கையிலிருந்து நழுவிப் போனது. கத்திக் கத்தித் தொண்டை அடைத்து, கால் ஓய்ந்து, கடைசியில் ஐஸ்கிரீம் வாங்க நின்ற வரிசை ஒன்றில் பிள்ளையைக் கண்டுபிடித்தாள். பிள்ளைக்கு அது ஞாபகமே இல்லை. அம்மாவுக்கோ, இன்றும் துணி வெட்டிக்கொண்டிருக்கும்போது திடீரென்று இடது உள்ளங்கை வெறிச்சென்று ஆகும். கத்திரியைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையை வலது கையால் பிடித்துக்கொள்வாள். புருஷனுக்கு இது தெரியும். தெரிந்ததைச் சொல்லிக்காட்டுகிற ரகம் அல்ல அவன்.

மகளைச் சில்வண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். வாய் ஓயாது. கேட்க ஆள் இல்லாவிட்டால் தலையணையோடு பேசுவாள். போகாத தீம் பார்க்கை, போய்வந்தவர்களே வாயைப் பிளக்கிற அளவுக்கு விவரிப்பாள். தண்ணீரில் சறுக்குகிற படகு கடைசி நொடியில் எப்படி மூக்கைத் தூக்கும், பேய் வீட்டில் எந்தப் பேய்க்குப் பல் ஆடுகிறது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவ்வளவு பேசினாலும் கொஞ்ச நாளாக எப்போது போகலாம் என்று மட்டும் கேட்பதை விட்டுவிட்டாள். தையல்காரி அதை நிம்மதி என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த நிம்மதிக்கு ஒரு சாயங்காலம் ஆயுசு முடிந்தது. கடைக்கு அளவு கொடுக்க வந்த வகுப்புத் தோழி ஒருத்தி, நீ ஏன் இன்னும் அங்கே போகவில்லை என்று சில்வண்டைக் கேட்டாள். அம்மா திரைக்கு அந்தப் பக்கம் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தலை சுத்தும்," என்றாள் சில்வண்டு. "ராட்டினத்தப் பார்த்தாலே சுத்தும். அதான் கூட்டிட்டுப் போக மாட்டாங்க."

ஒரு தடங்கல் இல்லை, ஒரு திணறல் இல்லை. இந்தப் பிள்ளைக்குத் தலை சுற்றியதே கிடையாது. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் நின்றுகொண்டு பாட்டுப் பாடுகிறவள். அம்மாவைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அம்மாவைப் போலவே ஒரு சாக்கைத் தைத்து மாட்டிக்கொண்டிருந்தாள். தையல்காரி ஊசியைக் கீழே வைத்தாள். இன்னும் இரண்டு ஆண்டு போனால் அந்தப் பொய் அவளுக்கே உண்மையாகிவிடும், ராட்டினத்தைப் பார்த்தால் நிஜமாகவே தலை சுற்றும் என்று தோன்றியது. அன்று இரவுச் சாப்பாட்டின்போது, கூட்டம் இல்லாத நாளாகப் பாருங்கள், போகலாம் என்று புருஷனிடம் சொன்னாள்.

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பஸ் டிரைவர்களை விசாரித்தான், அங்கே போய்வந்தவர்களை நச்சரித்தான், யோசித்து யோசித்து மண்டையைக் குடைந்துகொண்டான். விடுமுறை கூடாது. சனி ஞாயிறு கூடாது. கடைசியில் குளிர்காலத்தின் நடுவில், வாரத்தின் நடுவில், எவனும் போர்வையை விட்டு வெளியே வராத ஒரு நாளைப் பிடித்தான்.

"ஈ காக்கா இருக்காது, பாரு," என்றான். அதை ஒரு பரிசு கொடுப்பதுபோலச் சொன்னான்.

சொன்னது பலித்தது. பஸ்ஸில் இவர்கள் மட்டுமே. வெளியே பனி மூடியிருந்தது. சாலை ஓரத்து மரங்கள் ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கரைந்து போயின. சில்வண்டு கண்ணாடியில் ஆவி விட்டு அதில் படகு வரைந்தாள். பஸ் இறக்கிவிட்டுப் போனதும் அப்படி ஓர் அமைதி. பனிக்குள்ளிருந்து வானவில் வண்ணத்தில் பெரிய வளைவு ஒன்று தெரிந்தது. வளைவுக்குக் கீழே கதவு. கதவில் பூட்டு. பூட்டுக்குப் பக்கத்தில், ஆண்டுப் பராமரிப்புக்காகப் பூங்கா மூடப்பட்டிருக்கிறது என்று ஒரு பலகை.

தையல்காரி பலகையைப் படித்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். ஆபீஸ் ஆபீஸாகப் போய், ஆள் வராத நாளில்தான் நாங்கள் லிஃப்டைக் கழற்றி மாட்ட முடியும், அன்று வருகிற ஒன்றிரண்டு பேர் படியேறிக்கொள்ளட்டும் என்று மேனேஜர்களிடம் காலம் காலமாகச் சண்டை போடுகிறவன் அவன். ராட்டினத்துக்கும் மோட்டார் உண்டு, ராட்டினத்தையும் எவனோ ஒருவன் ஆள் வராத நாளில்தான் கழற்றுவான் என்பது அவன் மூளையில் ஏறவே இல்லை. கூட்டம் இல்லாத நாளைத் தேடித் தேடி, ஒருவரும் வர முடியாத நாளைக் கண்டுபிடித்திருந்தான். அசடு வழிய நின்றான். 

"பரவாயில்லப்பா," என்றாள் சில்வண்டு. "எனக்கு எப்படியும் தலை சுத்தும்."

அப்போதுதான் கிரீஸ் டப்பாவோடு ஸ்கூட்டரில் ஒருவர் வந்து சேர்ந்தார். அங்கே ராட்டினங்களைப் பார்த்துக்கொள்கிறவர், நரைத்த மீசைக்காரர். இவர்களைப் பார்த்துவிட்டு, பாவம், இன்றைக்கு வந்தீர்களா என்றார். லிஃப்ட் மெக்கானிக் மன்னிப்புக் கேட்பதுபோல் தன் வேலையைச் சொன்னான். மீசைக்காரர் பிரேக்கைப் பற்றி ஏதோ கேட்டார், இவன் பதில் சொன்னான், அவர் இன்னொன்று கேட்டார். ஒரே தொழில்காரர்கள் சந்தித்துவிட்டால் அப்புறம் பெண்டாட்டி பிள்ளை கண்ணுக்குத் தெரியுமா? எதிலும் ஏறக் கூடாது, சும்மா சுற்றிப் பார்க்கலாம் என்ற நிபந்தனையோடு பக்கத்துச் சிறு கதவு திறந்தது.

உள்ளே எல்லாம் பாதி இருந்தன, பாதி இல்லை. படகுகள் தண்ணீர் வற்றிய வாய்க்காலில் கவிழ்ந்து தூங்கின. பேய்களைக் கழுவி வரிசையாகக் காயப்போட்டிருந்தார்கள். பனிக்குள் ராட்சத ராட்டினம் மட்டும் மெதுவாகச் சுற்றியது. அதன் இருக்கைகளில் மணல் மூட்டைகள் உட்கார்ந்திருந்தன. ஆட்களின் எடைக்கு அவற்றை வைத்துத்தான் சோதனை ஓட்டம் விடுவார்களாம். வேலையாட்களில் எந்தக் குறும்புக்காரனோ மூட்டைகளுக்குத் தொப்பி மாட்டிவிட்டிருந்தான். தொப்பி போட்ட மூட்டைகள் வாய் பேசாமல் மேலே ஏறிப் பனிக்குள் மறைந்து, அந்தப் பக்கமாக இறங்கி வந்தன. சில்வண்டு அவற்றுக்குக் கையசைத்தாள்.

தையல்காரிக்கு உடம்பு லேசாகிவிட்டது. இடிக்க ஆள் இல்லை, தள்ள ஆள் இல்லை. எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு, வெளியிடத்தில் முதல்முறையாக, மகளின் கையைத் தானாகவே விட்டாள். போ, பார்த்துவிட்டு வா என்றாள். ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். மோட்டாரின் ரீங்காரம் தாலாட்டு மாதிரி இருந்தது. இதுதான் நல்ல காலம், ஆண்டுதோறும் இதே நாளில் வரலாம் என்று நினைத்தபடி கண்ணை மூடினாள்.

திறந்தபோது பிள்ளை இல்லை.

முதலில் சாதாரணமாகத்தான் கூப்பிட்டாள். பதில் இல்லை. எழுந்து நடந்தாள், பிறகு ஓடினாள். சில்வண்டே, சில்வண்டே என்று கூவினாள். பனி அவள் குரலை வாங்கி வைத்துக்கொண்டது, திருப்பித் தரவில்லை. வற்றிய வாய்க்காலை எட்டிப் பார்த்தாள். கவிழ்ந்த படகுகளைக் குனிந்து பார்த்தாள். பொருட்காட்சியில் தொலைத்தபோதாவது எதிரில் வந்த ஒவ்வொருவரையும் நிறுத்தி, மஞ்சள் கவுன், இவ்வளவு உயரம் என்று கேட்டாள். பார்த்தேன் என்றார்கள், பார்க்கவில்லை என்றார்கள், அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள் என்று கூடவே வந்தார்கள். இங்கே யாரைக் கேட்பது? தலைக்கு மேலே மணல் மூட்டைகள் சுற்றிக்கொண்டிருந்தன. உயிரே போய்விட்டது அவளுக்கு.

கூச்சல் கேட்டுப் புருஷன் ஓடி வந்தான். பின்னாலேயே மீசைக்காரர். அவள் வெறும் கையை விரித்துக் காட்டினாள். பிள்ளையை ஏன் விட்டாய் என்று அவன் கேட்கவில்லை.

"அண்ணே, மோட்டாரை நிறுத்துங்க," என்றான். லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் முதலில் அதைத்தான் செய்வானாம். சத்தம் அடங்கினால்தான் ஆள் எங்கே என்று தெரியும்.

ராட்டினம் முனகி நின்றது. மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எங்கோ பக்கத்தில், மிகச் சன்னமாக, ஓயாத ஒரு பேச்சுக் குரல் கேட்டது.

குதிரை ராட்டினத்தை நீலத் தார்ப்பாய் போட்டுத் தரை வரைக்கும் மூடியிருந்தார்கள். தையல்காரி அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். உள்ளே எல்லாமே நீலம். நீலக் குதிரைகள் பாய்கிற காலோடு அப்படியே நின்றன. நடுவில் ஒரு குதிரைமேல் சில்வண்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். முன்குதிரையில் பல் விழுந்த ஓர் அக்கா, பக்கத்தில் சண்டை போடுகிற இரட்டையர், பின்னால் பயந்துபோய்க் கண்ணை மூடிக்கொண்ட ஒரு தாத்தா. எல்லாரையும் தள்ளி உட்கார வைத்து, பிடித்துக்கொள்ளச் சொல்லி, அவளே விசில் அடித்தாள். யாருமே இல்லாத ராட்டினத்தைப் பிள்ளை ஆட்களால் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

அம்மாவைப் பார்த்ததும், "ஏறக் கூடாதுன்னு சொன்னாங்க, தெரியும்," என்றாள். "ஆனா யாருமே இல்லம்மா. ஒரு மாதிரி இருந்துச்சு."

தையல்காரி அந்தக் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, பிள்ளையின் காலில் முகத்தை வைத்து அழுதாள். அழ அழ அந்த ஐஸ்கிரீம் வரிசை கண்ணுக்குள் வந்தது. இத்தனை காலமும் கை நழுவியது மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. கை கிடைத்தது இப்போதுதான் வந்தது. அந்த வரிசையில் ஒரு பெண் நின்றிருந்தாள். அவளுடைய பிள்ளைகள் இரண்டும் ஐஸ்கிரீமுக்காகக் குதித்துக்கொண்டிருந்தன. அவளோ தன் முறை வந்தும் வாங்காமல், முன்னே பின்னே தெரியாத ஒரு பிள்ளையின் கையை இறுகப் பிடித்தபடி, அதன் அம்மா எந்தப் பக்கமிருந்து வருவாள் என்று எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையிலிருந்து மகளைப் பிடுங்கிக்கொண்டு, திருடியைப் பார்ப்பதுபோல முறைத்துவிட்டு ஓடி வந்திருந்தாள் இவள். கூட்டம் பிள்ளையை வாங்கிக்கொண்டது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தாள். திருப்பிக் கொடுத்ததும் அந்தக் கூட்டம்தானே.

வெளியே வந்தபோது பனி விலகத் தொடங்கியிருந்தது. மீசைக்காரர் கதவு வரை வந்தார். இன்னும் கொஞ்ச நாளில் திறந்துவிடுவோம், திறந்த வாரமே வாருங்கள், கூட்டமே இருக்காது என்றார்.

"ரொம்பக் கூட்டமா இருக்கிறது எப்பண்ணே?" என்று கேட்டாள் தையல்காரி.

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "பள்ளிக்கூட லீவுலம்மா. கால் வைக்க இடம் இருக்காது. வரிசையில நின்னே பொழுது போயிடும்."

"அப்ப லீவுலயே வர்றோம்."

புருஷன் தயங்கித் தயங்கி, சீருடை சீசன் ஆயிற்றே என்றான். ஒரு நாள் கடையை மூடினால் ஊர்ப் பிள்ளைகள் அம்மணமாகவா பள்ளிக்கூடம் போய்விடும் என்று அவனை ஒரு போடு போட்டாள். அவன் வாயை மூடிக்கொண்டான். மூடிய வாய்க்குள் சிரிப்பு நிற்கவில்லை.

சில்வண்டு சாலை வரைக்கும் பேசவே இல்லை. பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவ்வளவு கூட்டத்துல நான் தொலைஞ்சு போயிட்டா?"

தையல்காரி இடது கையால் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். பயம் எங்கேயும் போய்விடவில்லை, அங்கேதான் இருந்தது. அதோடுதான் பதில் சொன்னாள்.

"பிள்ளைங்களோட நிக்கிற ஒரு அம்மாவா பார்த்து, அவங்க கையப் பிடிச்சுக்கோ. நான் வர்ற வரைக்கும் விட மாட்டாங்க."

மகள் உடனே அடுத்ததைக் கேட்டாள். "உன் கைய வேற ஒரு பிள்ள வந்து பிடிச்சா?"

"நானும் விட மாட்டேன்."

"அப்ப அதோட அம்மா வர்ற வரைக்கும் நான் அதுகூடப் பேசிட்டு இருக்கேன். அழாம இருக்கும்," என்றாள் சில்வண்டு. பஸ் வருவதற்குள், அந்தப் பிள்ளைக்கு என்ன வயது, எந்த நிறத்தில் கவுன் போட்டிருக்கும், முதலில் அதை எந்த வரிசையில் நிற்க வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிட்டிருந்தது.