லுஹருக்கு அப்புறம் போன லெட்டர்

துபாயில் இருக்கும் ஹஸ்ஸானின் காது ஒரு தினுசானது. அனுப்பிய பணம் வந்ததா, அம்மாவுக்குக் கண் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அதில் தெளிவாக விழும். மனைவி ஹுஸ்னா, "மச்சான், பெரம்பலூர்ல ஒரு வேல..." என்று ஆரம்பித்தால் மட்டும் அந்த நொடியே போன் கார்டு தீர்ந்துவிடும். ஆறு மாதமாக இதே அக்கப்போர். கடைசியில் அவனே ஒரு வழி சொன்னான்.

"எதுவா இருந்தாலும் மெயில்ல எழுதிப் போடு. நிதானமாப் படிச்சு முடிவு சொல்றேன்."

இவர்கள் ஊரான லெப்பைக்குடிக்காட்டுக்கு பிராட்பேண்ட் வந்து சேர்ந்த 2007ஆம் வருடம் அது. ஹுஸ்னா கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தவள். பட்டம் பீரோவுக்குள் அந்துருண்டை வாசனையோடு பத்திரமாக இருந்தது. கல்லூரியில் அவளுக்கு சீனியரான அறிவரசன் பெரம்பலூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தான். லினக்ஸ் பாடம் எடுக்க ஆள் வேண்டும் என்று ஒரு சிடியைக் கொடுத்து, "படிச்சுட்டுத் திங்கக்கிழம வந்து சேருங்க. இல்லன்னா வேற ஆளப் போட்டுருவேன், கோச்சுக்காதீங்க" என்று கெடுவும் வைத்துவிட்டான். மாமியார் ஜரீனாவோ, "அவன் சரின்னா எனக்கும் சரி" என்று நழுவிக்கொண்டாள்.

ஆக, எல்லாம் ஒரு லெட்டரில் வந்து நின்றது. ஹுஸ்னா அதை எழுதி, அழித்து, மறுபடி எழுதி முடித்தாள். 'மச்சான், திங்கட்கிழமை வேலைக்குச் சேர ஆசைப்படுகிறேன். உங்கள் சம்மதம் வேண்டும்.' இவ்வளவுதான். ஆனால் அனுப்பும் பொத்தானை அமுக்க விரல் வரவில்லை. முடியாது என்று அவன் எழுதிவிட்டால் அந்த வாசல் அத்தோடு அடைத்துக்கொள்ளும். அதுதான் அவள் பயம்.

அப்போதுதான், அறிவரசன் கொடுத்த சிடியிலிருந்து வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்த லினக்ஸில் கிரான் என்று ஒன்று இருப்பது ஞாபகம் வந்தது. நேரத்தைச் சொல்லி வைத்தால், நாம் இல்லாதபோதும் அது வேலையை முடித்துவிடும். "கண்ணுக்குத் தெரியாம உள்ள உக்காந்துருக்குங்க. சொன்ன நேரத்துக்குக் கரெக்டா செஞ்சுரும்" என்று அறிவரசன் சொல்லியிருந்தான். கேட்பதற்கு ஏவிய வேலையைச் செய்யும் ஜின் பூதம் மாதிரி இருந்தது. ஜின்னே லெட்டரை அனுப்பட்டும், அந்த நேரத்தில் நாம் வீட்டில் இருக்கக் கூடாது என்று ஹுஸ்னா முடிவு செய்தாள்.

ஜின்னை வேலைக்கு வைப்பது அத்தனை லேசில்லை. கட்டளையை எழுத ஒரு எடிட்டர் திறந்தது. திறந்த பிறகு அதிலிருந்து வெளியே வரும் வழியை மட்டும் அதை உருவாக்கிய புண்ணியவான்கள் ரகசியமாக வைத்திருந்தார்கள். எந்தப் பொத்தானை அமுக்கினாலும் 'பீப்' என்று ஏசியது. பொறுத்துப் பார்த்து, கடைசியில் ஒயரைப் பிடுங்கித்தான் ஹுஸ்னா வெளியே வந்தாள்.

ஒருவழியாகச் செவ்வாய்க்கிழமை எல்லாம் சரியாக எழுதிவிட்டுப் பக்கத்துத் தெருவில் போய் உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்தால் லெட்டர் போகவில்லை.

"ஆளில்லாத ரூமுல இந்த டப்பா எதுக்கும்மா ஓடுது? கரண்டு பில்லு யாரு கட்டுறது? நாந்தான் அமத்துனேன்" என்றாள் ஜரீனா.

புதன்கிழமை மாமியைக் கையோடு கூட்டிக்கொண்டு போனாள். அன்றும் போகவில்லை. அவள் தன் விலாசத்துக்கே அனுப்பித் தன் கையால் ஓட்டிப் பார்த்தபோது ஓடிய புரோகிராம், ஜின் ஓட்டினால் மட்டும் படுத்துக்கொண்டது. என்ன கோளாறு என்று சொல்லவும் அதற்கு வாய் இல்லை. அறிவரசனுக்குப் போன் போட்டாள்.

"மேனுவல்லயே போட்டுருக்குங்களே, பாக்கலையா?"

பார்த்திருந்தாள். ஏற்கெனவே எல்லாம் தெரிந்தவர்கள் மறுபடி ஒருமுறை படித்து மகிழ்வதற்காக எழுதிய மேனுவல் அது. வேறு வழியில்லாமல் அறிவரசனே சொன்னான்.

"மெயில் அனுப்புற புரோகிராம் எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியாதுங்க. முழு விலாசமும் குடுக்கணும்."

இத்தனை ஞானமுள்ள ஜின்னுக்கு, தான் குடியிருக்கும் வீட்டில் அடுப்படி எந்தப் பக்கம் என்றுகூடச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாள். அப்படியே நேரத்தையும் புதிதாக எழுதினாள். முதலில் நிமிடத்தைப் போட வேண்டும், அடுத்து மணியை. முந்தைய இரண்டு நாளும் மேனுவலில் இருந்த மாதிரியைப் பார்த்து அப்படியே எழுதியவள், இந்த முறை தன் புத்தியையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டாள்.

அவள் ஊரில் நிமிடக் கணக்கில் யாரும் எதையும் செய்வதில்லை. பெண் பார்ப்பதா, பஞ்சாயத்தா, எல்லாம் மதியம் லுஹர் தொழுகைக்கு அப்புறம், சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம்தான். ஒரு சொந்தக்காரரிடம் போய் 'ரெண்டு மணி பத்து நிமிஷத்துக்கு வாங்க' என்று சொன்னால் அவர் ஜென்மத்துக்கும் வாசல்படி மிதிக்க மாட்டார். அதனால் மதியம் இரண்டு மணிக்கு ரயில்வே கணக்கில் பதினாலு என்று எழுதி, நிமிடத்துக்கு ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டாள். 'எந்த நிமிடமானாலும் சரி, உன் சௌகரியம்' என்று அதற்கு அர்த்தம் என்பது அவள் எண்ணம். 'ஒவ்வொரு நிமிடமும்' என்பது ஜின்னின் எண்ணம்.

வியாழக்கிழமை மாமியைக் கண் டாக்டரிடம் காட்டப் பெரம்பலூருக்குக் கூட்டிப் போய்விட்டு, பஸ் பிடித்துச் சாயங்காலம் வந்து திறந்து பார்த்தாள். லெட்டர் போயிருந்தது. அறுபது தடவை போயிருந்தது.

இது சம்மதம் கேட்டதா, புருஷனைக் கடித்துக் குதறியதா? பதில்களும் அறுபது வந்து வரிசையாக நின்றன. முதல் பதிலைப் பயந்துகொண்டே திறந்தாள்.

'உன் லெட்டர் கிடைத்தது. ரொம்ப சந்தோஷம். நீ எது சொன்னாலும் எனக்குச் சம்மதம்தான். உடம்பைப் பார்த்துக்கொள்.'

அவன் எப்போதும் எழுதுகிற அதே வரிகள்தான். ஆனால் இன்று ஒவ்வொரு சொல்லும் அவளுக்காகவே எழுதியது போல இருந்தது. ஹுஸ்னா அழுதுவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாவதைத் திறந்தாள். அதே வரிகள். மூன்றாவதிலும் அதேதான். ஒவ்வொரு பதிலும் அவள் லெட்டர் போன அதே நிமிடத்தில் வந்திருந்தது.

குறிப்பிட்ட ஒருவரிடமிருந்து வருகிற மெயிலுக்குத் தானாகவே பதில் போடும் வசதி எல்லா ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் உண்டு. அது அவள் படித்த பாடம்தான். பழைய பதில்களைத் தேடி எடுத்தாள். காய்ச்சலில் படுத்திருக்கிறேன் என்று எழுதியதற்கும் ரொம்ப சந்தோஷம் என்றே வந்திருந்தது. லெட்டர் வந்ததுதான் சந்தோஷம் போல என்று அன்றைக்கு அவளே அர்த்தம் செய்துகொண்டாள். பதில் வரும் வேகத்தைப் பார்த்து, மச்சான் நம் லெட்டருக்காகவே காத்துக் கிடக்கிறார் என்று பூரித்துப் போன நாட்களும் உண்டு. இப்போது நினைத்தால் அவமானமாக இருந்தது. அதற்குப் பிறகு கோபம் வந்தது. கோபம் வந்ததும் பயம் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை, துபாயில் லீவு நாள் என்பதால், ஹஸ்ஸான் போன் செய்தான்.

"மச்சான், திங்கக்கிழம வேலைக்குச் சேர்றேன்."

"என்ன வேல? என்னைய ஒரு வார்த்த கேக்காம?"

"கேட்டேனே. அறுபது தடவ கேட்டேன். அறுபது தடவயும் சம்மதம்தான்னு எழுதியிருக்கீங்க. மாமிகிட்டப் படிச்சுக் காட்டவா?"

"அது... ஆபீஸ்ல வேல ஜாஸ்தி ஹுஸ்னா."

"தெரியும் மச்சான்."

பக்கத்தில் நின்ற ஜரீனாவுக்குப் பொறுக்கவில்லை. "என்னம்மா சொல்றான்?"

"சம்மதம் சொல்லிட்டாங்க மாமி."

"நெசமாவா? அவன் வாயாலயா சொன்னான்?"

ஹுஸ்னா ரிசீவரை மாமியாரின் கையில் கொடுத்தாள்.

"நீங்களே கேளுங்க மாமி. இன்னிக்கு அவங்களேதான் பேசுறாங்க."