பம்ப்பை நிறுத்திவிட்டுப் பார்

என் வீட்டுக்காரர் கார் மெக்கானிக். இன்ஜின் சத்தம் கேட்டால் போதும், மனுஷனுக்குச் சாப்பாடே வேண்டாம். அந்தக் காதுதான் படகு விஷயத்தில் எங்களைக் குழியில் தள்ளப் பார்த்தது.

அவர் வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்கள். அக்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போகப் படகு வேண்டும் என்று தலைமையாசிரியை கேட்டதும், திங்கட்கிழமையே ஓட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அந்தப் பிள்ளைகளில் எங்கள் மகளும் ஒருத்தி. படகு? அது இனிமேல்தான் வாங்க வேண்டும்!

விற்கிறவரை ஏரிக்கரையில் எல்லோரும் சர்க்கரை என்பார்கள். பேச்சு அப்படி இனிக்கும். படகு பழசு. இன்ஜின் காரில் இருப்பது போல உள்ளே இருக்கும். படகைத் தண்ணீரில் தள்ளுகிற கால், விசிறியோடு பின்பலகைக்கு வெளியே தொங்கும். முந்தின நாளே அப்பாவும் மகளும் போய்ப் பார்த்து மயங்கிவிட்டு வந்தார்கள். மகள் தன் சிவப்பு ரிப்பனைப் பின்சீட்டில் கட்டி, பஸ்ஸில் துண்டு போடுகிற மாதிரி இடம் பிடித்துவிட்டாளாம்.

நான் படகுகளுக்குச் சீட்டும் உறையும் தைக்கிறவள். மூழ்கி எடுத்த படகின் சீட்டெல்லாம் என் மெஷினுக்குத்தான் வரும், மூழ்கிய கதையும் கூடவே வரும். அதனால் நான் பார்க்காமல் பேச்சை முடிக்கக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டேன்.

வீட்டுக்காரரோடு போய்ப் படகில் ஏறியதும், சர்க்கரை சாவியைத் திருப்பும் முன்னால் இன்ஜின் மேல் கை வைத்தேன். சுட்டது.

"என்னண்ணே, நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வச்சிருக்கீங்க? ஆறின இன்ஜின் ஸ்டார்ட் ஆகுதான்னுதானே பாக்கணும்?"

"பேட்டரி சார்ஜ் ஏறட்டும்னுதான் தங்கச்சி..."

"ஏறினது போதும். இப்ப ஆறட்டும். நாங்க உக்காந்திருக்கோம்."

இவர் என் காதோரம் குனிந்தார். "மானத்த வாங்காதம்மா. நேத்தே கை குலுக்கியாச்சு. இன்ஜின் தங்கம்."

"இன்ஜின் தங்கமாவே இருக்கட்டும். உள்ள தண்ணி வருதான்னு பாத்தீங்களா?"

"ரெண்டு நாளா தண்ணியிலதான் நிக்குது. தரை எப்படிக் காஞ்சு கிடக்கு, நீயே பாரு!"

தரை காய்ந்துதான் இருந்தது. எனக்குப் பிடிக்காமல் போனதும் அதுதான். அப்போது படகின் பக்கவாட்டிலிருந்து தண்ணீர் கொஞ்ச நேரம் ஏரியில் கொட்டி நின்றது. இன்ஜினுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். தண்ணீர் சேர்ந்ததும் தானாக ஓடுகிற சின்ன பம்ப். காரில் இப்படி ஒன்று கிடையாது, இவர் கண்ணில் எப்படிப் படும்? வயரைப் பிடித்து இழுத்துக் கழற்றினேன்.

"ஐயையோ, அதத் தொடாதீங்க!" சர்க்கரையின் குரலில் இனிப்பு போய்விட்டது.

"ஏண்ணே, காஞ்ச படகுக்குப் பம்ப் எதுக்கு?"

பையில் இருந்த துணித் துண்டுகளால் அடித்தளத்தைத் துடைத்தேன். பின்பலகை ஓரமாக ஒரு வெள்ளைத் துணியை விரித்துவிட்டு, மகள் ரிப்பன் கட்டிய சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். என்ன ஆனாலும் எழுந்திருப்பதில்லை என்று முடிவு.

சர்க்கரை சிரித்துப் பார்த்தார். வேறு ஆள் கேட்டிருக்கிறார் என்று பயம் காட்டினார். இவர் கரையில் நின்று, "எறங்கி வா, ஊரே வேடிக்கை பாக்குது" என்று பல்லைக் கடித்தார். எனக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பாக்கட்டும்! உங்க வாக்கு பெருசா, பிள்ளைங்க உசுரு பெருசா?"

துணியின் ஓரம் ஈரமானது. அப்புறம் பாதி. அப்புறம் துணியே மிதந்தது.

"பழைய படகுன்னா ரெண்டு சொட்டு வரத்தான் செய்யும்" என்றார் சர்க்கரை.

இவர் படகில் ஏறினார். டார்ச் அடித்துப் பார்த்தார். சர்க்கரையிடம் அந்த விசிறிக் காலை உயரத் தூக்கச் சொல்லி, பின்பலகைக்கு வெளியே குப்புறப் படுத்துக் கையை விட்டார். இன்ஜினையும் காலையும் இணைக்கிற தண்டைச் சுற்றி, மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருக்கும். தண்ணீர் உள்ளே வராமல் காப்பது அது ஒன்றுதான். மேலே கறுப்புச் சாயம் பளபளத்தது. மடிப்பை விரித்ததும் அவர் விரல் உள்ளே போய்விட்டது.

அப்படியே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்ஜின் தங்கந்தான்" என்றார் மெதுவாக. "நடு ஏரியில பேட்டரி செத்தா பம்பும் சாகும். எனக்கு இது தோணவே இல்ல பாரு."

"ரப்பர்தான தம்பி, மாத்திக் குடுத்துடறேன்!"

"கிழிஞ்சது தெரிஞ்சே சாயம் பூசியிருக்கீங்க. உங்ககிட்ட வேண்டாம்."

அங்கேயே போனை எடுத்துத் தலைமையாசிரியையைக் கூப்பிட்டார். "டீச்சர், திங்கட்கிழமை படகு வராது. நான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன், என் தப்புதான். வேற படகு தேடுறேன். என் சம்சாரம் பாத்துச் சரின்னு சொன்ன பிறகு வரேன்."

நான் பம்ப் வயரை மறுபடி மாட்டினேன். அது தண்ணீரை வாரிக் கொட்ட ஆரம்பித்தது. இறங்கப் போனவர் திரும்பி வந்து, பின்சீட்டில் இருந்த ரிப்பனின் முடிச்சை அவிழ்த்தார். மகள் இறுக்கிக் கட்டியிருந்தாள், லேசில் அவிழவில்லை. அவிழ்த்ததும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.