ஓடி இறங்கிய குருதி

பதினான்கு ஆண்டுகளாகச் சளியோடும் மூத்திரத்தோடும் குடித்தனம் நடத்தியவள் பரிசோதகி. எளிதில் முகஞ்சுளிப்பவள் அல்லள். ஆயினும் அந்த மூன்று மாதமும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. காரணம், மீனெண்ணெய் மாத்திரை. அதை விழுங்குவோர் ஆய்வகத்தின் முன்கூடத்தில் வரிசையாக அமர்ந்து ஏப்பம் விடுவார்கள். அந்தச் சிக்கு வாடை திரைச்சீலையில் ஏறும், நாற்காலியில் ஏறும், வீட்டுக்குப் போய்த் தலைமுழுகினாலும் கூந்தலை விட்டு இறங்காது.

ஆய்வு என்னவோ எளியதுதான். எண்ணெய் காற்றுப்பட்டுக் கெடுவதுபோலப் பருத்த உடம்பினுள்ளும் கொழுப்பு கெட்டுக் காறுகிறது. ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்பது அதற்கு ஏட்டுப்பெயர். அதைத் தணிப்பது நடையா, மாத்திரையா? பத்தொன்பது பேர் பன்னிரண்டு வாரம் டிரெட்மில்லில் நடந்தார்கள். பத்தொன்பது பேர் அதே பன்னிரண்டு வாரம் மாத்திரை விழுங்கினார்கள். முடிவில் அவர்கள் குருதியில் மருந்து கலந்து சூடாக்கினாள் பரிசோதகி. கேடு மிகுந்தால் குழாய் இளஞ்சிவப்பாகும்.

மாத்திரைக்காரர்களின் குழாய்கள் வெளுத்தன. நடந்தவர்களுடையவை சிவந்தன. எல்லாவற்றினும் சிவந்தது ஏழாம் எண். அது அவளுடைய அண்ணன்.

அண்ணன் பேருந்து ஓட்டுநர். உபரி டயரைக் கட்டியதுபோன்ற தொந்தியால் பணிமனையில் அவனுக்குப் பெயர் ‘ஸ்டெப்னி’. பதினோரு கிலோ இறங்கியும் அந்தப் பெயர் மாறவில்லை. மறுநாள் காலை இரண்டு மீனெண்ணெய் மாத்திரை டப்பாக்களை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான்.

“பாப்பா, சேதி தெரியுமா? நடக்க நடக்க என் ரத்தம் கெட்டுப்போச்சாம். டைரக்டரே கூப்பிட்டுச் சொல்லி, இதைக் கையில குடுத்துட்டாரு. இனி அந்த மெஷின் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்.”

“மாடி ஏறினா இப்ப மூச்சு வாங்கலைன்னு நீதானேண்ணா சொன்ன?”

“வெளியில நல்லாத்தான் இருக்கு. உள்ள துருப்பிடிச்சிருக்கே! நீ போட்ட டெஸ்ட்தான சொல்லிச்சு?”

சொல்லிவிட்டு ஓர் ஏப்பம் விட்டான். அந்த வாடையை முந்திக்கொண்டு அவளுக்குத் தந்தையின் நினைவு வந்தது. ஐம்பத்திரண்டு வயதில் மாடிப்படியின் நடுவில் நெஞ்சைப் பிடித்து உட்கார்ந்தவர் பின்பு எழவேயில்லை. அண்ணனுக்கு ஐம்பது நடக்கிறது.

அவள் நேரே குருதி எடுக்கும் நர்ஸிடம் போனாள்.

“அக்கா, நடக்கிறவங்களுக்கு எப்ப ரத்தம் எடுத்தீங்க?”

“மெஷினை விட்டு எறங்கினதும்தான். குண்டுக் கையில நரம்பு சுலபமா கிடைக்குமா? மொத நாள் எல்லாரையும் உக்கார வச்சு எடுத்தேன். கெணறு வெட்டுற மாதிரி தோண்டினேன், கூடம் பூரா ஒரே அலறல். நடந்து எறங்கினா நரம்பு கயிறாட்டம் நிக்குது. ஒரே குத்து, யாருக்கும் வலியில்ல. பாரு, நேரம்கூட நோட்டுல எழுதியிருக்கேன்.”

“மாத்திரைக்காரங்களுக்கு?”

“அவங்க எங்க நடந்தாங்க? காலையில வெறும் வயித்துல உக்கார வச்சு, நாலு குத்து குத்தித்தான்.”

நர்ஸின் முகத்தில் பிறர்க்கு நோவு தவிர்த்த பெருமிதம் ஒளிர்ந்தது. பரிசோதகிக்கு விளங்கிவிட்டது. ஓடி இறங்கிய உடம்பில் அந்தக் கேடு சற்றுநேரம் பொங்கும், பிறகு அடங்கும். நாள்தோறும் பொங்கி அடங்குவதாலேயே உடம்பு தன்னைக் காக்கப் பழகுகிறது. பொங்கிய பொழுதில் முகந்ததைத்தான் அவள் அளந்திருந்தாள். அவளுடைய படிவத்தில் நேரத்துக்கென ஒரு கட்டம் இருந்தது. பன்னிரண்டு வாரமும் அது வெறுமையாகவே கிடந்தது. ஏன் என்று அவளும் கேட்கவில்லை.

ஆய்வக இயக்குநர் எச்சில் தொட்டுத் தாள் புரட்டுபவர். அவள் எழுதிய தாள்களையே அப்போதும் புரட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றின் மூலையிலும் ஈரம் பளபளத்தது. நடந்தவர்களுக்குக் குருதி எடுத்த நேரம் தவறு என்று அவள் சொன்னாள்.

“தெரியும்மா. நர்ஸ் போன வாரமே சொல்லிச்சு.”

“தெரிஞ்சுமா சார் எங்கண்ணன்கிட்ட அப்படிச் சொன்னீங்க?”

“நான் பொய்யா சொன்னேன்? நீங்க அளந்த அளவுதானே. மாத்திரைக் கம்பெனி டப்பா மேல அச்சடிக்கக் காத்துக்கிட்டிருக்கு. கையெழுத்தைப் போடுங்க.”

இன்முகத்தோடு பேனாவை நீட்டினார். அந்த இன்முகமே அவளுக்கு அதிகம் குமட்டியது. எச்சில் மூலைகளைத் தொடாமல் தாள்களை வாங்கினாள். கையோடு கொண்டுவந்திருந்த நர்ஸின் நோட்டை விரித்தாள். வெறுமையாய்க் கிடந்த கட்டங்களில் ஒவ்வொன்றாக எழுதினாள்: நடை முடிந்து நான்காம் நிமிடம், மூன்றாம் நிமிடம், ஐந்தாம் நிமிடம். பத்தொன்பதையும் நிரப்பிக் கையொப்பமிட்டாள். கைப்பேசியில் படமெடுத்து ஆய்வை மேற்பார்க்கும் நெறிமுறைக் குழுவுக்கு அவர் கண்ணெதிரிலேயே அனுப்பினாள். வேறு தாள் புரட்ட நாவில் வைத்த அவருடைய விரல் நாவிலேயே நின்றது.

மாலையில் அண்ணன் வீட்டுக்குப் போய் எல்லாம் சொன்னாள். அவன் சாய்ந்த வாக்கில் கேட்டான்.

“சரி, தப்பு உங்க மேலதான். ஆனா, நடக்க வேணாம்னு அந்த மனுஷன் சொன்னப்ப எவ்வளவு சுகமா இருந்துச்சு தெரியுமா? அதையும் கெடுக்க வந்துட்ட.”

தான் போற்றிய அண்ணன் முகம் ஒரு கணம் அவளுக்கு அருவருத்தது. வெற்றுக் கட்டத்தைப் பற்றிக் கேளாதிருந்த தன்னை நினைத்தபோது அந்த அருவருப்பு இரட்டித்தது.

“காலையில வெறும் வயித்துல வா. உக்கார வச்சு எடுக்கணும். நர்ஸக்கா நாலு இடத்துல குத்துவாங்க.”

“நாலா! ஆளைக் கொல்லப் பாக்குறியாடி?”

வந்தான். நான்காம் குத்தில் நரம்பு கிடைத்தது. அதுவரை நர்ஸையும், அவளையும், டிரெட்மில்லைக் கண்டுபிடித்தவன் பரம்பரையையும் வைது தீர்த்தான். பரிசோதகி சூடாக்கி எடுத்த குழாயை வெளிச்சத்தில் பிடித்தாள். நிறம் ஏறியதே தெரியாத அளவு வெளிறியிருந்தது. நடை தொடங்குமுன் எடுத்த முதல் நாள் அளவில் பாதிகூட இல்லை.

அண்ணன் அதை வெகுநேரம் பார்த்தான். பிறகு செத்த எலியைக் கண்டவன்போல் உதட்டைச் சுழித்தான்.

“ச்சீ! அப்ப நடந்துதான் தொலையணுமா?”