எட்டுப் புள்ளி

ரெய்னோவின் இடது காலுறை கழன்று வர மாட்டேன் என்று அடம்பிடித்தது. ஆர்டிஸ் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கணவனின் குதிகாலைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். உயிர் போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கால் இன்னும் முழுக்கச் சில்லிடவில்லை. அவனுக்கு வலிக்கக் கூடாதென்று தன் கை பதமாக இழுப்பதைப் பார்த்து அவளுக்கே சலிப்பாக இருந்தது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. பிறகு எதிர்பார்ப்பதையும் விட்டுவிட்டாள்.

"அத விடு ஆர்டிஸ். எடுத்துட்டுப் போக வர்றவங்க பாத்துப்பாங்க," என்றாள் எலெய்ன். ரெய்னோவின் அக்கா, தெருக்கோடி வீடு. பனி பெய்துகொண்டிருக்கும்போதே இரவு உடுப்பின்மேல் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடி வந்திருந்தாள். இப்போது அலமாரியைக் குடைந்து ஒரு சட்டையை எடுத்துக் காட்டினாள். "காலர் கிழிஞ்சு தொங்குது. இதையா போட்டுட்டு அலைஞ்சான்? நீயும் பாத்துட்டு சும்மா இருந்த?"

"அவன் யார் பேச்ச கேட்டான்?"

"பொறந்ததுலேர்ந்து கேட்டதில்ல, கழுத," என்ற எலெய்ன் சட்டையைக் கட்டில்மேல் வீசினாள். காப்பி போடுகிறேன் என்று சமையலறைக்குப் போய்விட்டாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. துக்கம் வந்தால் எலெய்ன் எதையாவது கழுவியாக வேண்டும்.

அப்போதுதான் சலவை அறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. கோடு, புள்ளி, கோடு. துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், பேசவும் கேட்கவுமான ரெய்னோவின் வானொலிப் பெட்டி இருந்தது. ராத்திரி அதை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஒஹாயோவில் இருக்கும் வெண்டல், தினசரிக் காலைக் கூட்டத்தைத் தொடங்கிவிட்டான்.

அது வானொலியில் கூடுகிற நிதானக்காரர்களின் கூட்டம். விரலால் விசையைத் தட்டி, புள்ளியும் கோடுமாகப் பேசிக்கொள்வார்கள். இருப்பவர்களில் யார் மிக மெதுவோ அவர் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். ஒருவரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஒன்றில் மட்டும் கறார். பேசி முடித்ததும், உரிமத்தில் தனக்குக் கொடுத்திருக்கிற எழுத்தும் எண்ணுமான அழைப்புக்குறியைச் சொல்லிவிட்டுத்தான் விலக வேண்டும். சட்டமும் அதுதான், மரியாதையும் அதுதான். எவ்வளவு மெதுவாகத் தட்டுகிறவரானாலும் அதை முழுசாகத் தட்டி முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருப்பார்கள். குறி சொல்லாமல் போவது, வந்த வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புகிற மாதிரி.

போன இலையுதிர்காலத்தில் ரெய்னோவின் விரல்கள் ஓய்ந்துபோயின. நரம்பு நோய். கரண்டி பிடிக்கவே முடியாதவன் விசையை எப்படித் தட்டுவான்? "நீ தட்டு," என்றான் ஆர்டிஸிடம். அவளுக்கும் உரிமம் உண்டு. கல்யாணமான புதிதில் அவனோடு சேர்ந்து பரீட்சை எழுதி வாங்கியது. அதற்கப்புறம் ஒருநாள்கூட அவள் தன் குறியைக் காற்றில் விட்டதில்லை. அவன்தான் விடாமல் அதைப் புதுப்பித்துக்கொண்டிருந்தான்.

"உன் குறியச் சொல்லிட்டு நான் தட்டினா ஊர ஏமாத்துற மாதிரி இல்ல?"

"நிலையம் என்னுது. உரிமம் என்னுது. பேச்சும் என்னுது, நானும் பக்கத்துலயே குந்தியிருக்கேன். கை மட்டுந்தான் உன்னுது. சட்டத்துல இடமிருக்கு."

"அப்ப வெண்டல் கிட்ட சொல்லிடலாமே."

"மூச்சு விடாத. என் கை போச்சுன்னு அவனுங்களுக்குத் தெரிய வேணாம். பாவம்பானுங்க. சத்தியம் பண்ணு."

பண்ணினாள். கடைசிக் கோட்டைக் கொஞ்சம் இழுத்து விடுகிற அவன் வழக்கத்தை அப்படியே பிடித்துக்கொண்டாள். குளிர்காலம் முழுக்க அவன் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

இப்போது வெண்டல் ரெய்னோவின் குறியை அழைத்தான். கொஞ்சம் விட்டு மறுபடி அழைத்தான்.

பதில் போகாவிட்டால் தொலைபேசி அடிக்கும். தொலைபேசியில் சொல்லக் குரல் வேண்டும். அது இன்று அவளிடம் இல்லை. ரெய்னோவின் குறியில் பதில் சொல்லவும் முடியாது, அந்த உரிமை விடியும்போதே அவனோடு போய்விட்டது. தன் குறியில் சொல்லலாம். ஆனால் கையை, அதாவது தட்டுகிற பாணியை, கேட்டதுமே குளிர்காலம் முழுக்கத் தட்டியது அவள்தான் என்று கண்டுபிடித்துவிடுவார்களே! வேறு மாதிரி தட்டிப் பார்ப்போம் என்று, சலவை அறைக்குப் போய்த் துவைக்கும் இயந்திரத்தின் மூடிமேல் விரலால் தன் குறியைத் தட்டினாள். கடைசிக் கோடு இழுத்துக்கொண்டு வந்தது. இன்னொரு தரம் தட்டினாள். அதுவும் ரெய்னோவாகத்தான் வந்தது. தனக்கென்று ஒரு கை இல்லை என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அது பெரிதாக வலிக்கவும் இல்லை.

வெண்டல் மூன்றாம் முறை அழைத்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தன் குறியைத் தட்டினாள்.

பிறகு, புதியவருக்காக வேகத்தை இன்னும் குறைத்துக்கொண்டு வெண்டல் எழுத்தெழுத்தாகச் சொன்னான்: "வாங்க வாங்க. அவசரமே இல்ல. கை அப்படியே ரெய்னோ கை. அவன் சொல்லிக்குடுத்ததா? எங்க அந்தச் சோம்பேறி, இன்னும் எந்திரிக்கலயா?"

சத்தியத்துக்குப் பழுதில்லை, சொல்லிக் கொடுத்தான் என்றே இருக்கட்டும். கேள்வி பாதியிலேயே புரிந்துவிட்டாலும், வெண்டல் அவள் குறியையும் தன் குறியையும் தட்டி முடிக்கும்வரை விசைமேல் விரலை வைத்துக்கொண்டு இருந்தாள்.

"ஆமா, அவன்தான் சொல்லிக்குடுத்தான்," என்று தட்டினாள். "இன்னிக்கு விடியக்காலைல ரெய்னோ இறந்துட்டான். தூக்கத்துலயே. நான் அவன் மனைவி ஆர்டிஸ். எல்லாருக்கும் நன்றி."

இனி குறி மட்டும்தான் பாக்கி. கை அதுபாட்டுக்குத் தட்டியது. ஐந்து எழுத்து போன பிறகுதான் அவள் காதில் விழுந்தது. போய்க்கொண்டிருந்தது ரெய்னோவின் குறி. நினைத்துத் தட்டியிருந்தால் வராது. பழகிய கைக்குத்தான் அப்படி வரும். இத்தனை நாள் தட்டியது யார் என்று காதுள்ள யாருக்கும் தெரிய அது போதும்.

விரல் நின்றது. தப்பாகத் தட்டிவிட்டால் அதை ரத்து செய்ய வரிசையாக எட்டுப் புள்ளி வைக்க வேண்டும். வைத்தாள். அந்த நிதானத்தில் எட்டுப் புள்ளி நெடுநேரம் போயிற்று. அப்புறம் தன் குறியைத் தட்டினாள்.

பெட்டி இரைந்துகொண்டே இருந்தது. எப்போதும் நாலு வார்த்தை கூடவே பேசுகிற வெண்டல், இன்று கிடைத்தது என்பதற்கான ஒற்றை எழுத்தை மட்டும் அனுப்பினான். பிறகு அவள் குறி. பிறகு அவன் குறி.

"ஆர்டிஸ், வண்டி வந்துடுச்சு. பனிய ஒதுக்கிட்டு இருக்காங்க," என்றாள் எலெய்ன், ஈரக் கையோடு வாசலில் நின்று. "இங்க என்ன பண்ற?"

"ஒண்ணுமில்ல. வரேன்."

விசையிலிருந்து கையை எடுத்தாள். எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மேலங்கிப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.