இண்டிகேட்டர் மேல் பழி

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் அவள். "கண்ணாடியை மட்டும் நம்பாதீங்க, கழுத்தைத் திருப்பிப் பாருங்க" என்று திட்டித் திட்டியே ஊரில் பாதிப் பேருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவள். அவளுக்கே கழுத்தைத் திருப்பினால் தலை சுற்ற ஆரம்பித்தது.

முதல் தடவை, பக்கத்தில் ஒரு வங்கி ஊழியர் ஓட்டிக்கொண்டிருந்தார். அவள் வலப்பக்கம் திரும்பியதும் சாலையே சாய்ந்தது. காதுக்குள் டக்டக்கென்று ஒரே சத்தம்.

"இண்டிகேட்டரை அணைங்க சார்!"

"நான் போடவே இல்லையேம்மா."

அவர் சொல்லி முடிப்பதற்குள் சத்தம் நின்றது, சாலையும் நேரானது. மெக்கானிக் இண்டிகேட்டரைப் பிரித்து மேய்ந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

போகப்போக ஒரே நாளில் பலமுறை வந்தது. எலும்பு டாக்டர் கழுத்துத் தேய்மானம் என்று பட்டை மாட்டினார். பட்டை இருக்கும்வரை தலையைத் திருப்பவே முடியவில்லை; சுற்றலும் குறைந்தது. டாக்டருக்குப் பெருமை தாங்கவில்லை. பட்டையைக் கழற்றியதும் பழைய கதைதான்.

அடுத்தவர், "மனசுல ஏதாவது கவலையா?" என்றார்.

"நாள் பூரா ஓட்டத் தெரியாதவங்க பக்கத்துல உக்கார்றேன். கவலை இல்லாம இருக்குமா டாக்டர்?"

அவர் திருப்தியாக 'பதற்றம்' என்று எழுதினார்.

நரம்பு டாக்டரம்மாதான் காது கொடுத்துக் கேட்டார். எவ்வளவு நேரம் சுற்றும், எந்தக் காதில் சத்தம் என்று விசாரித்து, பேனாவால் மேசையைத் தட்டினார்.

"இப்படியா?"

"இன்னும் வேகமா."

ஸ்கேன் எடுத்தார்கள். காது கேட்பதற்கும் உடம்பின் சமநிலைக்குமான நரம்பின்மேல் மெல்லிய ரத்தக்குழாய் ஒன்று உரசிக்கொண்டு கிடந்தது.

"ஆக, இவன்தான் ஆளு!" என்றார் அவள் கணவர்.

"அவசரப்படாதீங்க. உங்களுக்கு ஸ்கேன் எடுத்தாலும் இப்படி ஒண்ணு தெரியலாம். நிறையப் பேருக்கு இருக்கு, ஒரு தொந்தரவும் பண்ணாது. வலிப்புக்குத் தர்ற மாத்திரையைக் கொஞ்சமா தர்றேன். அதுக்கு அடங்கினா இந்த நோய்தான்னு வச்சுக்கலாம்."

"அப்போ மருந்து முதல்ல, நோய் அப்புறமா?" என்றாள் அவள்.

"இதுல அப்படித்தாம்மா."

சில வாரங்களில் சுற்றலும் சத்தமும் அடங்கின. "நோய் உறுதியாயிடுச்சு!" என்று டாக்டரம்மா முகம் மலர்ந்தார். அவளுக்கும் கண் கலங்கிவிட்டது. நோய் இருக்கிறது என்று கேட்டு இப்படி நிம்மதியாக மூச்சுவிட்டதே இல்லை.

மாத்திரை தூக்கம் வரவழைக்கும்; அது பழகும்வரை இன்னும் கொஞ்ச நாள் வண்டியைத் தொடக்கூடாது என்பது உத்தரவு. வீட்டுக்குக் கணவர் ஓட்டினார். முச்சந்தியில் எந்தப் பக்கமும் பார்க்காமல் திருப்பினார். திட்டுவதற்குத்தான் வாயைத் திறந்தாள், வந்தது கொட்டாவி. கதவில் சாய்ந்து அப்படியே தூங்கிப்போனாள்.